படம் மட்டும்தான் நான் போட்டேன்

ரொம்ப நாளா டிராஃப்ட்லேயே தூங்கிட்டிருந்த பதிவு இது. எழுதலாமா வேணாமான்னு ஒரே தயக்கம். காரணம் வேற ஒண்ணுமில்ல, இதுல வில்லன் நான்தான் :-)

நான் இருக்கறது செவிலிமேடு. காஞ்சிபுரத்துலேர்ந்து வந்தவாசி போற ரோட்டுல, பாலாத்துப் பாலத்துக்கு இந்தப் பக்கம். ராமானுஜர் வரதராஜப் பெருமாளுக்கு தினமும் தண்ணி எடுத்துட்டுப் போனதா சொல்ற சாலைக்கிணறு எங்க ஊர்லதான் இருக்கு. வார நாள்ல பொட்டி தட்டறது பிழைப்பு. சனி, ஞாயிறு ஆனா டிசைன் வேலை. காலேஜ்ல கல்சுரல்ஸுக்கு போஸ்டர் பண்ண ஆரம்பிச்ச பழக்கம், இன்னும் விடல. விசிட்டிங் கார்டு, காதுகுத்து ஃபிளெக்ஸ், கல்யாணப் பத்திரிகைன்னு எதையும் விட்டு வைக்கறதில்ல. ஆனா காஞ்சிபுரத்துல ஒருத்தனுக்கு டிசைன் தெரியும்னா அவன் எங்க சுத்தினாலும் கடைசில பட்டுச்சேலை கிட்டதான் வந்து நிப்பான். நானும் வந்து நின்னேன்.

ஒரு கடை. பேர், இடம் எல்லாம் கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். சேலையில தொங்க விடறதுக்கு ஒரு டேக் வேணும்னு கூப்பிட்டாங்க. முதலாளி நல்லாத்தான் பேசினார். "தம்பி, ஒரு பக்கம் நம்ம லோகோ. இன்னொரு பக்கம் தறி படம். பாக்கறவங்களுக்கு பாரம்பரியமா ஒரு ஃபீல் வரணும். ஓரத்துல சில்க் மார்க் ஒட்ட கொஞ்சம் இடம் விடுங்க." அவ்வளவுதான். 4,500 ரூபாய் பேசி, பாதி அட்வான்ஸும் கையில வந்துடுச்சு.

தறி படத்துக்கு நெட்ல தேட எனக்கு இஷ்டமில்ல. எல்லாரும் போடற அதே நாலு படம்தான் அங்க கிடைக்கும். எங்க தெருவுலயே மாமா ஒருத்தர் இருக்கார் (சொந்த மாமா இல்ல, சின்ன வயசுலேர்ந்து அப்படித்தான் கூப்பிடறேன்). சொசைட்டிக்கு நெய்யறவர். வீட்டுக்குள்ளயே குழித்தறி. கோர்வைச் சேலை, அதனால உடலுக்கு ஒரு நாடா, ரெண்டு கரைக்கும் ஒவ்வொண்ணுன்னு மொத்தம் மூணு நாடா. மாமா தறியில உக்காந்து நெய்ய, மாமி ஒரு ஓரமா உக்காந்து அந்தப் பக்கத்துக் கரைக்கு நாடா வாங்கிக் கொடுப்பாங்க. ஒருத்தர் எழுந்து காபி குடிக்கப் போனா இன்னொருத்தரும் சும்மாதான் இருக்கணும்.

காலையில ஏழரை மணிக்கு ஓட்டுக்கு நடுவுல இருக்கற கண்ணாடி வழியா வெளிச்சம் சரியா பாவு மேல விழும். அந்த நேரத்துக்குப் போய் அறுபது படம் எடுத்தேன். முகம் எதுவும் வேணாம்னு மாமாவோட கை, நாடா, பாதி நெய்த மயில்சக்கரம் மட்டும் தெரியற மாதிரி ஒண்ணை எடுத்துக்கிட்டேன். எனக்கே சொல்லிக்கக் கூடாது, ஆனா நான் எடுத்ததுலேயே நல்ல படம் அதுதான்.

ப்ரூஃப் காட்ட கடைக்குப் போனப்போ மேல்மாடியில மூட்டை பிரிச்சிட்டிருந்தாங்க. வேலை செய்யற பையன்கிட்ட சும்மா பேச்சுக் கொடுத்தேன். "இதெல்லாம் எந்தப் பக்கத்துத் தறி?"ன்னேன். "தறியா? விசைத்தறிண்ணா இது. உங்க டேக்கு இதுக்குத்தான்"னான் ரொம்ப சாதாரணமா.

அந்த இடத்துல நான் என்ன பண்ணியிருக்கணும்? கதையில வர்ற ஹீரோ மாதிரி ப்ரூஃபைக் கிழிச்சுப் போட்டுட்டு வெளிய வந்திருக்கணும். நான் என்ன பண்ணேன்? "அப்படியா"ன்னேன். முதலாளி ஓகே சொன்னார். மிச்சக் காசு வாங்கிட்டு, ஒரிஜினல் ஃபைலை பென்டிரைவ்ல போட்டுக் கொடுத்துட்டு, வர்ற வழியில பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல பரோட்டா சாப்பிட்டுட்டு வந்து தூங்கிட்டேன். 'படம் மட்டும்தானே நான் போட்டேன், சேலை வித்தது நானா?' இதுதான் அன்னிக்கு எனக்கு நானே சொல்லிக்கிட்ட சமாதானம்.

ரெண்டு டேக் மிச்சம் இருந்தது. ஒண்ணை மாமாகிட்ட கொடுத்தேன், அவர் தறி படம் ஆச்சே. மனுஷன் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தார். மாமியைக் கூப்பிட்டுக் காட்டினார். அப்புறம் தறிக் கம்பத்துல சாமி படத்துக்குக் கீழே அதை ஒட்டி வெச்சுட்டார். "எந்த சொசைட்டி சேலைப்பா இது? நம்மாளு யாராவது நெய்யறாங்களா?"ன்னு கேட்டார்.

"தெரியல மாமா"ன்னேன்.

மேல படிக்கறதுக்கு முன்னாடி இங்க ஒரு நிமிஷம் நின்னு என்னைத் திட்டிக்கோங்க. நியாயம்தான்.

அந்த டேக்ல பொய் எங்கே?

இதைத்தான் நான் ரொம்ப நாள் யோசிச்சேன். ஏன்னா அந்த டேக்ல ஒரு வார்த்தை கூடப் பொய் கிடையாது! 'காஞ்சிபுரம்'னு பெருசா இருந்தது. கடை காஞ்சிபுரத்துலதான் இருக்கு. 'பட்டு'ன்னு இருந்தது, சுத்தப் பட்டுதான். 'பாரம்பரியம்'னு இருந்தது, அதுக்கு யார் அளவுகோல் வெச்சிருக்காங்க? சில்க் மார்க்கும் உண்மையானதுதான். 'கைத்தறி'ங்கற வார்த்தை எங்கேயுமே இல்ல.

ஆனா அந்த டேக்கைப் பாத்த எந்த அம்மாவும் 'இது கைத்தறி'ன்னுதான் நினைப்பாங்க. நினைக்க வெச்சது எது? படம். 'காஞ்சிபுரம்'ங்கறதை 36 பாயிண்ட்ல போட்டு 'பட்டு'ங்கறதை 14 பாயிண்ட்ல கீழ தள்ளினது. பழைய செப்பேடு மாதிரி ஒரு பழுப்பு கலர். படத்துல இருக்கற கைக்கு நேர் கீழே சில்க் மார்க்குக்கு இடம் விட்டது. இது அத்தனையும் யார் வேலை? முதலாளியோடது இல்ல, அவருக்கு கோரல் டிரா திறக்கக் கூடத் தெரியாது. எல்லாம் ஐயாவோட வேலை.

அதாவது நம்ம தொழில்ல பொய் வார்த்தையில இருக்கறதில்ல. எதைப் பெருசாக்கறோம், எதைச் சின்னதாக்கறோம், எது பக்கத்துல எதை வைக்கறோம், அதுலதான் இருக்கு. "மேட்டர் கிளையண்ட் கொடுத்தது, நான் லேஅவுட் மட்டும்தான் பண்ணேன்"னு சொல்லித் தப்பிக்க முடியாது. ஏன்னா பொய்யே லேஅவுட்தான்.

சில்க் மார்க்கையே எடுத்துக்கோங்க. மத்திய பட்டு வாரியத்தோட ஏற்பாட்டுல 2004ல வந்தது. அது சொல்றது ஒரே ஒரு விஷயம்: இது சுத்தமான பட்டு. கையில நெய்ததா, மெஷின்ல நெய்ததான்னு அது சொல்லாது, சொல்ல வேண்டிய வேலையும் அதுக்கு இல்ல. அதுக்குன்னே 2006ல கைத்தறி முத்திரை தனியா வந்தது. 'காஞ்சிபுரம் பட்டு'ங்கற பேருக்கு 2005-06ல புவிசார் குறியீடு கிடைச்சது. ஆக மூணு முத்திரை, மூணு வேற வேற கேள்விக்கு பதில். வாங்கறவங்கள்ல எத்தனை பேருக்கு இந்த வித்தியாசம் தெரியும்? தெரியாதுங்கற தைரியத்துலதான் ஒரு உண்மையான முத்திரையை வெச்சு இன்னொரு பொய்யை விக்க முடியுது. அந்தத் தைரியத்துக்கு அலங்காரம் பண்ணிக் கொடுக்கறது நாம.

அப்படி என்னய்யா பெரிய கை?

"விசைத்தறியும் பட்டுதானே, கட்டிக்கறவங்களுக்கு என்ன நஷ்டம்?"னு ஒரு நண்பன் கேட்டான். நல்ல கேள்வி.

யோசிச்சுப் பாருங்க. காஞ்சிபுரத்துக்குப் பட்டு பெரும்பாலும் கர்நாடகாவுலேர்ந்து வருது. ஜரிகை பெரும்பாலும் சூரத்துலேர்ந்து வருது (ஊர்லயே தமிழ்நாடு ஜரிகை நிறுவனம்னு அரசு நிறுவனம் ஒண்ணும் இருக்கு). பட்டுப்பூச்சி இங்க இல்ல, தங்கச் சுரங்கமும் இல்ல. அப்போ காஞ்சிபுரம் சேலையில 'காஞ்சிபுரம்'னு இருக்கறது என்ன? உடலும் கரையும் தனித்தனி கலர்ல கோத்து நெய்யற அந்தக் கோர்வை, முந்தியை வேற கலர்ல இணைக்கற அந்த வேலை, மூணு நாடா, ரெண்டு பேர். அதாவது கை. அந்தக் கையை எடுத்துட்டா பேருக்கு மிச்சம் ஒண்ணுமே கிடையாது.

நஷ்டம் யாருக்குன்னா, முதல்ல வாங்கறவங்களுக்கு. டிசைனைப் பொறுத்து பத்து நாளோ ஒரு மாசமோ ஆகற வேலைக்கான விலையை, சீக்கிரமா இறங்கின சேலைக்குக் கொடுத்துட்டுப் போறாங்க. ரெண்டாவது நஷ்டம் மாமாவுக்கு. அவர் சேலையும் அந்தச் சேலையும் ஒரே மாதிரி டேக்கோட ஒரே அலமாரியில தொங்கினா, விலை கம்மியானதுதான் போகும். கூலி ஏறாது. எங்க தெருவுல என் கூடப் படிச்ச நெசவுக்காரப் பசங்கள்ல ஒருத்தன் கூட இன்னிக்குத் தறியில இல்ல. விடிகாலையில கம்பெனி பஸ் வந்து ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஏத்திட்டுப் போயிடுது. அதைத் தப்புன்னு சொல்ல நான் யாரு, நானே பொட்டி தட்டறவன். ஆனா தறியை விட்டவன் அவனா இஷ்டப்பட்டு விட்டானா, இல்ல என் டேக் மாதிரி நூறு டேக் சேர்ந்து அவனைத் தள்ளுச்சாங்கறது வேற கேள்வி.

இது காஞ்சிபுரத்துக் கதை மட்டும் இல்ல. பனாரஸ் சேலைக்கு 2009ல புவிசார் குறியீடு கிடைச்சது. ஆனா சூரத் மெஷின்ல இறங்கின 'பனாரஸ்' நாடு முழுக்கத் தொங்கிட்டுதான் இருக்கு. அதுக்கும் எவனோ ஒருத்தன் உக்காந்து கோட்டை, கங்கை, படித்துறைன்னு படம் போட்டுக் கொடுத்திருப்பான். என் சகோதரன் :-(

சட்டம் இல்லாமலும் இல்ல. 1985லயே கைத்தறிக்கு ரகங்களை ஒதுக்கீடு செய்யற சட்டம் வந்தது. முதல்ல 22 ரகம், அப்புறம் அதை 11ஆ குறைச்சாங்க. அந்தப் பதினொண்ணுல சேலையும் ஒண்ணு (எல்லாச் சேலையும் இல்ல, விதியில சொன்ன வகைகள்). புவிசார் குறியீட்டைப் பொய்யா பயன்படுத்தினா ஜெயில் வரைக்கும் போகலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல தவறா வழிநடத்தற விளம்பரத்துக்குத் தனியா இடம் இருக்கு. இத்தனை இருந்தும் டேக் தொங்குது. ஏன்னா சட்டம் வார்த்தையைப் பிடிக்கும். பழுப்பு கலரைப் பிடிக்கறது ரொம்ப கஷ்டம்.

நரகத்துக்குப் பன்னிரண்டு படி

மில்டன் கிளேசர்னு அமெரிக்காவுல ஒரு பெரிய டிசைனர் இருந்தார் (2020ல இறந்துட்டார்). நியூயார்க்கை நான் நேசிக்கிறேன்னு நடுவுல சிவப்பு இதயம் போட்ட லோகோ இருக்கே, டீ-ஷர்ட்ல எல்லாம் வருமே, அது 1977ல அவர் பண்ணது. அவர் தாந்தேயோட புத்தகத்துக்குப் படம் வரைஞ்சுட்டிருந்தப்போ, டிசைனர் நரகத்துக்குப் போற வழின்னு பன்னிரண்டு படி எழுதினார். முதல் படி ரொம்ப அல்பமானது: கடை அலமாரியில பாக்கெட் கொஞ்சம் பெருசா தெரியற மாதிரி டிசைன் பண்ணுவியா? கடைசிப் படி: உபயோகிக்கறவங்க உயிருக்கே ஆபத்தான பொருளுக்கு விளம்பரம் பண்ணுவியா? நடுவுல ஒரு படி இருக்கு. புதுசா தொடங்கின திராட்சைத் தோட்டத்துக்கு, ரொம்பக் காலமா இருக்கற மாதிரி தோணவைக்கற ஒரு சின்னம் வரைஞ்சு கொடுப்பியா?

அதைப் படிச்சதும் எனக்கு என் பழுப்பு கலர் ஞாபகம் வந்துடுச்சு.

அந்தப் படிகள்ல எனக்குப் பிடிச்சது என்னன்னா, அதுல யாரும் நல்லவன் கெட்டவன்னு பிரிச்சு வைக்கல. எல்லாரும் ஏதோ ஒரு படியில நிக்கறோம். 'நான் எந்தப் படியில நிப்பேன்'னு முன்னாடியே தெரிஞ்சு வெச்சுக்கணும், அவ்வளவுதான். தெரிஞ்சு வெச்சுக்கலேன்னா மேல்மாடியில ஒரு பையன் "விசைத்தறிண்ணா இது"ன்னு சொல்லும்போது வாயில "அப்படியா"தான் வரும்.

இதுல இன்னொரு வேடிக்கை. டிசைனை டேக்ல போடாம தறியில போட்டுப் பாருங்க, அங்க பொய் செல்லாது. பட்டுக்கு கிராப் பேப்பர்ல கட்டம் கட்டமா டிசைன் போடறதை மாமா வீட்டுல பாத்திருக்கேன். இப்போ அதை கம்ப்யூட்டர்ல பண்றாங்க. ஒவ்வொரு ஊடைக்கும் ஒரு அட்டை, ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு இழை. அழகுக்காகக் கட்டு வைக்காம ஜரிகையை நீளமா ஓட விட்டீங்கன்னா, துணியில அது தொங்கும், வளையல்ல மாட்டி இழுக்கும். "பாக்க நல்லாத்தானே இருந்தது"ன்னு தறிகிட்ட வாதாட முடியாது. காகிதம் பாவம், நாம என்ன போட்டாலும் தாங்கிக்கும்.

பொட்டி தட்டறவங்களும் உள்ள வாங்க

'இது டிசைனர் பிரச்சினை, நமக்கென்ன'ன்னு நழுவப் பாக்கற சாஃப்ட்வேர் மக்களே, நில்லுங்க. முன்னாடி ஒரு இடத்துல வேலை பாத்தப்போ ஒரு ஷாப்பிங் தளத்துக்கு 'இன்னும் 2 மட்டுமே இருக்கு, சீக்கிரம்!'னு ஒரு வரி காட்டணும்னாங்க. ஸ்டாக் எண்ணிக்கையை எங்கேர்ந்து எடுக்கறதுன்னு கேட்டேன். "எங்கேர்ந்தும் வேணாம்பா, ஒண்ணுலேர்ந்து நாலுக்குள்ள ஏதாவது ஒரு ரேண்டம் நம்பர் காட்டு"ன்னாங்க. எழுதிக் கொடுத்தேன். ஒரே வரி கோடு. டெஸ்டிங்ல பக் எதுவும் வரல :-)

2023 நவம்பர்ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இந்த மாதிரி 13 தில்லாலங்கடி வேலைகளைப் பட்டியல் போட்டு, செய்யக் கூடாதுன்னு வழிகாட்டுதல் வெளியிட்டாங்க. அதுல முதல்லயே இருக்கறது இந்தப் பொய் அவசரம்தான். கேக்காமலே கூடையில எதையாவது சேக்கறதும் அந்தப் பட்டியல்ல இருக்கு. டேக்ல நான் பண்ணதும் கோடுல நான் பண்ணதும் ஒரே வேலை. ரெண்டுத்துலயும் எதிர்ல இருக்கறவங்க என்னை நம்பறாங்கங்கறதுதான் என் மூலதனம்.

அப்புறம் என்ன ஆச்சு?

ஆவணி முகூர்த்தத்துக்கு அதே கடையிலேர்ந்து திரும்பக் கூப்பிட்டாங்க. டேக் நல்லா ஓடுதாம், பாக்ஸும் பையும் வேணுமாம். இந்த தடவை 12,000. நான் போறதுக்கு முன்னாடி முதல்ல மாமா வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். கம்பத்துல டேக் இன்னும் ஒட்டியிருந்தது.

மாமா கோவிச்சுக்கல. அதுதான் கஷ்டமா இருந்தது. கொஞ்ச நேரம் நெய்துட்டு, "விசைத்தறிக்காரனும் தொழிலாளிதாம்பா. அவனும் புள்ளைகுட்டிக்காரன். அவன் நெய்ததை அவன் பேர்ல விக்கச் சொல்லு. என் கை எதுக்கு அங்க?"ன்னார். மாமி எதுவும் சொல்லல, அந்தப் பக்கத்துலேர்ந்து நாடாவை அனுப்பினாங்க.

கடையில போய் அதையேதான் சொன்னேன். "அண்ணே, சுத்தப் பட்டு, விலை கம்மின்னு பெருசா போடுவோம். பளிச்சுன்னு மாடர்னா டிசைன் பண்றேன். தறி படம் மட்டும் வேணாம்." முதலாளி சிரிச்சார். "தம்பி, நான் எங்கயாவது கைத்தறின்னு எழுதச் சொன்னேனா? படம்தானே?" கரெக்ட். அவருக்கும் புரிஞ்சிருக்கு, எது வேலை செய்யுதுன்னு. 'விசைத்தறி'ன்னு வெளிப்படையா எழுதிட்டா ஒதுக்கீட்டுச் சட்டம் வேற வந்து நிக்குமோங்கற பயமும் இருக்கலாம். எப்படியோ, வேலை எனக்கு இல்லன்னு ஆச்சு. 12,000 போச்சு.

இதோட முடிஞ்சா நல்லா இருக்கும். ரெண்டு வாரம் கழிச்சு ஒரு கல்யாணத்துல அந்தக் கடைப் பையைப் பாத்தேன். வேற யாரோ டிசைன் பண்ணியிருக்காங்க. நடுவுல பெருசா மாமாவோட கை. ஒரிஜினல் ஃபைல்தான் பென்டிரைவ்ல போட்டுக் கொடுத்துட்டேனே! போன் பண்ணிக் கேட்டேன். "காசு கொடுத்து வாங்கினதுதானே தம்பி"ன்னாங்க. அதுவும் கரெக்ட்.

மறுத்தா எல்லாம் சரியாயிடும்னு ஒரு நினைப்பு நமக்கு இருக்கு. ஆகாது மக்களே. முதல் தடவை 'அப்படியா'ன்னு சொன்னதுக்கான பில் தனியா வரும்.

"நீ பண்ணலேன்னா இன்னொருத்தன் பண்ணுவான்"

பண்ணுவான். பண்ணிட்டான். இப்போ அந்த இன்னொருத்தன் கூட வேணாம். 'பழைய காலத்துத் தறி, காலை வெயில், வயசான கை'ன்னு ஏஐகிட்ட டைப் பண்ணா அரை நிமிஷத்துல படம் கொடுத்துடும். அந்தக் கைக்கு எந்தத் தெருவும் இல்ல, கேள்வி கேக்க மாமாவும் இல்ல. அப்போ நான் மறுத்து என்ன பிரயோஜனம்?

என் பதில் இதுதான். நான் மறுத்தது விசைத்தறிச் சேலையை நிறுத்தறதுக்கு இல்ல, அது என் சக்தியில இல்ல. மாமா வீட்டைத் தாண்டித்தான் தினமும் நான் பஸ் ஏறணும், அதுக்காக. ரொம்பச் சின்னக் காரணம்தான். ஆனா எனக்குத் தெரிஞ்சு பெரும்பாலான நேர்மை இந்த மாதிரிச் சின்னக் காரணத்துலதான் நிக்குது.

இன்னொரு கேள்வி இதைவிடக் கஷ்டம். டிடிபி சென்டர் வெச்சிருக்கற என் நண்பன் கேட்டான்: "மாசம் ஒண்ணாந்தேதி ஆனா உனக்கு சம்பளம் வந்துடும். நீ 12,000 வேணாம்னுட்டுப் பதிவு எழுதுவ. எனக்குக் கடை வாடகை, மெஷினுக்கு டியூ. நான் வேணாம்னா எம் பொண்ணுக்கு ஸ்கூல் ஃபீஸ் யார் கட்டறது?" பதில் சொல்ல முடியல. அவன் சொல்றது நிஜம். கையில வேற வருமானம் இருக்கறவனுக்கும் இல்லாதவனுக்கும் ஒரே அளவுகோல் வைக்கறது அநியாயம். ஆனா அதுலேர்ந்தே இன்னொண்ணும் வருது இல்லையா: மறுக்க வசதி இருக்கற என்னை மாதிரி ஆளுங்களே மறுக்கலேன்னா, அவனை மறுக்கச் சொல்ல யாருக்கு வாய் இருக்கு?

அவனுக்கும் முழுசா மறுக்கறதுக்கு முன்னாடி சில படிகள் இருக்குன்னு பேசினோம். ஒரு தடவையாவது வாய்விட்டுச் சொல்லலாம். 'பட்டு'ங்கறதையும் 'காஞ்சிபுரம்'ங்கறதையும் ஒரே அளவுல போடலாம். தறி படத்துக்குப் பதிலா கோபுரக்கரையோ தாழம்பூ ரேக்கோ வரையலாம், சேலையில இருக்கறதைத்தானே வரையறோம். ஒரிஜினல் ஃபைலைக் கொடுக்காம இருக்கலாம் (அனுபவஸ்தன் சொல்றேன்). போன வாரம் அவன் பண்ண ஒரு பாக்ஸ்ல தறி இல்ல, அன்னம் இருந்தது. "உன் தொல்லை தாங்கல"ன்னான்.

விளம்பரமே பாவம்னு நான் சொல்ல வரல. 1953ல கைத்தறித் துணி தேங்கிப்போய் நெசவாளிங்க பட்டினி கிடந்தப்போ, எங்க ஊர் அண்ணா துணியைத் தோள்ல சுமந்து தெருவுல கூவி வித்தார். அதுவும் விளம்பரம்தான். 2010கள்ல கோ-ஆப்டெக்ஸ் பட்டுச்சேலையில நெய்தவரோட படமும் பேரும் போட்ட அட்டை வெச்சாங்க. அதுவும் டேக்தான், என் டேக் சைஸ்தான். ஒரே வித்தியாசம், அதுல இருக்கற ஆள்தான் அந்தச் சேலையை நெய்தவர்.

இப்போல்லாம் வேலை ஒத்துக்கறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேட்டுக்கறேன்:

1. இதை ஒரு பார்வை பாத்துட்டுப் போறவங்க மனசுல என்ன பதியும்? அது உண்மையா? (வார்த்தை உண்மையாங்கறது இல்ல, பதியறது உண்மையா.)

2. இந்தப் படத்துல யாரோட உழைப்பு தெரியுதோ, அவங்ககிட்ட இதைக் கொண்டு போய்க் கொடுக்க முடியுமா?

3. இந்த டேக்கை நம்பி எங்க அம்மா இந்த விலை கொடுத்தா, நான் சும்மா இருப்பேனா?

மூணுல ஒண்ணுக்கு 'இல்ல'ன்னு வந்தாலும் பேசிப் பாக்கறேன். பேசினதுல ரெண்டு கடை மாத்திக்கிட்டாங்க, மூணு கடை போயிட்டாங்க. ஸ்கோர் சுமார்தான்.

மாமா வீட்டுக் கம்பத்துல அந்த டேக் இப்போ இல்ல. எப்போ எடுத்தார்னு நான் கேக்கல. போன மாசம் புதுசா ஒரு பாவு ஏத்தினாங்க, அரக்கு உடல், மாம்பழக் கலர் கரை. கேமராவோட வரட்டுமான்னு கேட்டேன். "எதுக்குன்னு மொதல்ல சொல்லு"ன்னார்.

உங்க வேலையில உங்களுக்கு இந்த 'அப்படியா' எப்போ வந்ததுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. பேரு போட வெக்கமா இருந்தா அனானியா வந்தும் சொல்லலாம் :-)

டிஸ்கி: பட்டு எடுக்கப் போறவங்க கடையில "இது கைத்தறியா?"ன்னு வாய்விட்டு ஒரு தடவை கேளுங்க. ஆமான்னா, அதை பில்லுல எழுதித் தரச் சொல்லுங்க. டேக்கைப் பாக்காதீங்க. அதை என்னை மாதிரி ஒருத்தன்தான் பண்ணியிருப்பான்.